நாணமும் மனிதர் இயல்பும்

தமிழில் நாணத்தைக் குறிக்கும் சொற்கள் பல. நாண், வெட்கம், கூச்சம், மானம், இளிவரல், தலைகுனிவு என அவை விரியும். இவையெல்லாம் ஒரு பொருளனவே என்று கொள்வது பொருந்தாது. புதியவர்முன் வாய் திறக்கக் கூசுகிறான் ஒருவன். கிழிந்த சட்டையோடு விருந்துக்குச் செல்ல வெட்குகிறான் ஒருவன். செய்யத் தகாததைச் செய்துவிட்டு நாணுகிறான் இன்னொருவன். மூவர்க்கும் முகம் ஒருவாறே கன்றுகிறது. கண் ஒருவாறே நிலத்தை நோக்குகிறது. எனினும் மூவர் நெஞ்சிலும் நிகழ்வது ஒன்றன்று. திருவள்ளுவர் நாணுடைமை என்னும் 102ஆம் அதிகாரத்தைப் பொருட்பாலில் அமைத்து, இழிந்த செயல் காரணமாகத் தோன்றும் நாணம் வேறு, மகளிர்க்கு இயல்பாகச் சொல்லப்படும் நாணம் வேறு என்று முதற் குறளிலேயே பகுத்துக்கொண்டுதான் மேலே செல்கிறார். தொல்காப்பியரோ எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக இளிவரலை வைத்து, மூப்பு, நோய், துன்பம், எளிமை என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்பர். இந்நான்கனுள் ஒன்றேனும் குற்றம் அன்று என்பதை அன்பர்கள் கருத்தில் இருத்துக. குற்றம் இன்றியும் மனிதன் தலை குனிகிறான். அவ்வாறு குனிந்த தலை பின்னர் எப்படி நிமிர்கிறது என்பதைப் பொறுத்தே அவனுடைய இயல்பு பெரிதும் அமைகிறது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

உளநூலார் கூறுவனவற்றை முதலில் சுருங்கக் காண்போம். 1872இல் சார்லஸ் டார்வின் மனிதர்க்கும் விலங்குகட்கும் உரிய மெய்ப்பாடுகளைப் பற்றி நூல் ஒன்று வெளியிட்டார். அதன் இறுதிப் பகுதிகளுள் ஒன்று முகம் சிவத்தலைப் பற்றியது. மெய்ப்பாடுகள் எல்லாவற்றுள்ளும் மனிதனுக்கே சிறப்பாக உரியது இதுவே என்பது அவர் துணிபு. பிறர் நம்மைப் பற்றி என்ன எண்ணுகின்றனர் என்னும் நினைவே முகத்திற்குக் குருதியை ஏற்றுகிறது என்று அவர் விளக்கினார். 1950இல் எரிக் எரிக்ஸன் என்பார் குழந்தை வளர்ச்சியைப் பல படிகளாகப் பகுத்தபோது, இரண்டாம் படியில் நாணத்தை வைத்தார். தன் உடலைத் தானே ஆளப் பழகும் இரண்டு மூன்று வயதுப் பருவத்தில், ஓயாது கடிந்தும் எள்ளியும் வளர்க்கப்படும் குழந்தை, தன் ஆற்றலில் நம்பிக்கை கொள்வதற்கு மாறாக நாணத்தையும் ஐயத்தையும் கற்றுக்கொள்கிறது என்றார். 1971இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்னும் அம்மையார் செய்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. குற்றவுணர்வில் மனம் ‘நான் செய்தது தீது’ என்று செயலை நோக்குகிறது. நாணத்திலோ ‘நானே தீயன்’ என்று தன்னையே நோக்குகிறது. முன்னது பரிகாரம் தேடும். பின்னது மறைவிடம் தேடும்.

மறைவிடம் தேடும் நெஞ்சு எத்திசையில் ஓடும்? 1992இல் டானல்ட் நேதன்ஸன் என்னும் அமெரிக்க மனநோய் மருத்துவர் நான்கு திசைகளைக் காட்டினார். ஒதுங்குவோர் சிலர், தம்மைத் தாமே வைதுகொள்வோர் சிலர், நாணத்துக்கு இடமே இல்லாதது போல நடித்து மறைப்போர் சிலர், பிறர்மேற் பாய்வோர் சிலர். மனிதரைச் செடிகொடிகளைப்போல இனம் பிரித்துச் சீட்டு ஒட்டுவதில் எனக்கு அத்துணை விருப்பம் இல்லை. ஒருவனே காலையில் ஒதுங்குவான், மாலையில் பாய்வான். எனினும் பழக்கத்தால் ஒரு திசை ஒருவனுக்கு வழக்கமான வழியாகிவிடுதல் உண்டு. அவ்வழியையே நாம் பின்னர் அவனுடைய சுபாவம் என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

பாயும் இயல்புக்கு ஆங்கில இலக்கியம் பயில்வோர் நன்கறிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன் 1709இல் லிச்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மைக்கேல் ஜான்ஸன் புத்தக வணிகர். நூல் நிரம்ப அறிந்தவர். பொருள் நிரம்ப ஈட்டாதவர். மகனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே கழலை நோய் கண்டு, முகத்தில் வடுக்கள் நிலைத்துவிட்டன. கண் பார்வையும் குன்றியது. தொல்காப்பியர் எண்ணிய நான்கனுள் நோயும் எளிமையும் அவர் பிறந்த வீட்டிலேயே குடியிருந்தன எனலாம்.

1728ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் ஆக்ஸ்போர்டிலுள்ள பெம்புரோக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே நல்ல விரிவுரைகள் இல்லை என்று கண்டு, கிரைஸ்ட் சர்ச் கல்லூரியிற் பயின்ற தம் நண்பர் டெய்லரிடம் அடிக்கடி சென்று, அங்கு நிகழ்ந்த விரிவுரைகளைக் கேட்டறிந்து வந்தார். செல்வர் மக்கள் நிறைந்த கல்லூரி அது. ஒருநாள், தம் பாதரட்சைகள் தேய்ந்து கால்விரல்கள் வெளியே தெரிவதை அங்குள்ளோர் கவனிக்கின்றனர் என்று கண்டுகொண்டார். அன்றுமுதல் அங்குச் செல்வதை நிறுத்திவிட்டார். கல்விப் பசி பெரிதுதான். ஆயினும் கால்விரலைக் கண்ட கண்கள் அதனினும் பெரியவாயின. பின்னர் யாரோ ஒருவர், பெயர் தெரியாமல் உதவ எண்ணி, புதிய பாதரட்சை இணை ஒன்றை அவர் அறை வாயிலில் வைத்துச் சென்றார். காலையில் அதனைக் கண்ட ஜான்ஸன் நன்றியோடு அணிந்துகொண்டாரா? சினத்தோடு அதனை எடுத்து அப்பால் எறிந்தார் என்று அவர் வரலாறு எழுதிய பாஸ்வெல் கூறுகிறார்.

இந் நிகழ்ச்சியைப் படிப்பவருள் சிலர், ‘என்ன மானம்! என்ன பெருமிதம்!’ என்று வியப்பர். வியத்தற்கு இடமுண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் அவ்வெறிதலின் பொருள் யாது என்று நோக்குதல் வேண்டும். வைத்தவர்மேல் அவருக்குப் பகையில்லை. அவர் யாரென்பதே தெரியாது. ‘நான் வறியவன் என்பதை ஒருவன் கண்டுவிட்டான்’ என்பதே அவரைச் சுட்டது. கண்ட கண்ணைக் குத்த இயலாமையால் கொடுத்த பொருளை எறிந்தார். அக்காலத்தில் கல்லூரியில் அவரைக் களிப்பும் குறும்பும் மிக்க இளைஞர் என்றே பலரும் எண்ணினராம். முதுமையில் இதனைக் கேள்வியுற்ற அவர், அது களிப்பன்று, கசப்பே. கொடிய வறுமையில் இருந்த தாம் கல்வியையும் சொல்வன்மையையும் கொண்டே போராடி முன்னேற எண்ணி, அதிகாரம் எதனையும் மதியாது திரிந்ததாகத் தெளிவுபடுத்தினார். வகுப்பில் எப்போதும் நகையாடிக் கொண்டும் ஆசிரியரை எதிர்த்துக் கொண்டும் இருக்கும் மாணவனைக் காணும் ஆசிரியர்கள் இதனை நினைவிற் கொள்வாராக. ஏறக்குறையப் பதின்மூன்று திங்களில், பட்டம் பெறாமலே, பணமின்மையால் ஜான்ஸன் ஆக்ஸ்போர்டை விட்டு நீங்கினார்.

மறைத்து வாழும் இயல்புக்குச் சார்லஸ் டிக்கன்ஸைப் போன்ற சான்று வேறு கிடைப்பது அரிது. 1824இல், அவருக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, தந்தை கடனுக்காக மார்ஷல்ஸீ என்னும் சிறையில் அடைபட்டார். சிறுவன் பாதரட்சை மை செய்யும் பண்டசாலை ஒன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டான். மைப் புட்டிகளின் வாயைத் தாளால் மூடிக் கயிறு கட்டிச் சீட்டு ஒட்டுவது வேலை. வாரத்துக்கு ஆறேழு ஷில்லிங் கூலி. பின்னர் அப் பண்டசாலை வேறிடத்துக்கு மாறியபோது, வெளிச்சத்துக்காகச் சிறுவர்களைச் சன்னலோரம் அமர்த்தினர். அவர்கள் கைவேகத்தைத் தெருவிற் செல்வோர் நின்று வேடிக்கை பார்த்தனர். பார்க்கப்படுதலே அச்சிறுவனுக்குப் பெருந்துன்பமாயிற்று.

அங்கே உடன் வேலை செய்தவன் பாப் பேகின் என்னும் சிறுவன். ஒருநாள் டிக்கன்ஸுக்கு விலாவில் கடுநோவு கண்டபோது, அவனே வெந்நீர்ப் புட்டிகளை ஒற்றடமாக வைத்து அரைநாள் அளவும் பணிவிடை செய்தான். மாலையில் தனியே போகவிட மனமின்றி வீடுவரை உடன் வருவேன் என்றான். வீடாவது? குடும்பமோ சிறையில் இருந்தது. அதனைச் சொல்ல வாய் வராத டிக்கன்ஸ், ஸதர்க் பாலத்தருகே முன்பின் அறியாத ஒரு வீட்டின் படியில் நின்று, ‘இதுதான் என் வீடு’ என்று கைகுலுக்கி அவனுக்கு விடை கொடுத்தான். அவன் திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பான் என்று அஞ்சிக் கதவையும் தட்டினான். திறந்த மாதிடம், ‘ராபர்ட் பேகின் என்பவர் வீடு இதுவோ?’ என்று கேட்டுவைத்தான்! படிப்போர்க்கு நகையும் வரும், கண்ணீரும் வரும்.

டிக்கன்ஸ் புகழின் உச்சியில் வாழ்ந்து 1870இல் மறைந்தார். அவர் மக்கள் இச்செய்தியை அறியார். நண்பர் ஜான் பார்ஸ்டர் ஒருவரிடமே அதனை எழுதிக் கொடுத்திருந்தார்; பார்ஸ்டர் 1872இல் வெளியிடத் தொடங்கிய வரலாற்றின் வாயிலாகவே உலகம் அறிந்தது. அந்நாணத்தினின்றும் டேவிட் காப்பர்பீல்டு என்னும் அரிய நவீனம் விளைந்தது என்பது உண்மை. மறைத்த வாழ்க்கையைக் கதையாக்கிக் கூறியதில் அவர் நெஞ்சுக்கு ஓரளவு ஆறுதல் கிடைத்திருத்தல் கூடும். ஆனால் மற்றொன்றும் உண்மை. நோவில் உதவிய சிறுவனின் குடிப்பெயரையே ஆலிவர் ட்விஸ்ட் என்னும் கதையில் சிறுவர்களைத் திருட்டுத் தொழிலுக்குப் பழக்கும் கொடியவனுக்கு அவர் சூட்டினார். உதவியவன் தன் இழிநிலையைக் கண்டவனும் ஆவான். மறைக்கப்பட்ட நாணம் நன்றியையும் உடன் புதைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒதுங்கும் இயல்புக்குக் காந்தியடிகளின் இளமையே சான்று. 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் பயின்றபோது, மரக்கறி உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். கூட்டங்களில் வாய் திறவார். எழுதிக் கொணர்ந்ததையும் படிக்க நா எழாமல் பிறரைக் கொண்டு படிப்பித்தார். தாயகம் திரும்பிய பின், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முப்பது ரூபாய்க் கட்டணத்தில் கிடைத்த முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுழன்றது, கேள்வி ஒன்றும் தோன்றவில்லை, அமர்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பித் தந்து வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி விரைந்து வெளியேறினார். இவ்விரண்டையும் சுயசரிதையில் அவரே ஒளிவின்றி எழுதுகிறார். அக்கூச்சம் சொற்களை அளந்து பேசத் தமக்குக் கற்பித்தது என்றும், அதனால் தமக்கு இழப்பில்லை என்றும் பின்னாளில் மதிப்பிட்டார். ஒதுங்கும் சுபாவம் ஒருவனை ஊமையாக்கவும் கூடும், உண்மையாளனாக்கவும் கூடும். இரண்டில் எது நேரும் என்பது பேச அஞ்சியவன் எதற்காக ஒருநாள் பேசத் துணிகிறான் என்பதைப் பொறுத்தது.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் அல்ல. கிராமத்தில் தமிழ்வழியே பயின்று கல்லூரிக்கு வரும் மாணவன் முதலாண்டில் ஆங்கில வகுப்பில் கடைசிப் பலகையில் அமர்கிறான். கேள்வி தெரியும், விடையும் தெரியும், ‘உச்சரிப்பு வழுவினால் நகைப்பரே’ என்று வாளாவிருக்கிறான். விடுதியில் தன் தந்தை செய்யும் தொழிலைக் கேட்டால் பொதுப்படையாக எதையோ சொல்லி மழுப்புகிறான். விடுதி வாயிலில் அத் தந்தையே முறுக்கும் அதிரசமும் கட்டிய துணி மூட்டையோடு வந்து நிற்கும்போது, ‘ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வந்திருக்கிறார்’ என்று அறைத் தோழரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போகும் மாணவர்களும் உளர். மூட்டையைத் தந்தவர் மகிழ்ச்சியோடு பேருந்தேறிப் போய்விடுகிறார். அச்சொல் அவர் காதில் விழுந்ததா என்பது மகனுக்கு என்றும் தெரிவதில்லை.

ஜான்ஸனுடைய கதையில் இதற்கு இணையான ஒன்று உண்டு. மைக்கேல் ஜான்ஸன் சுற்றுப்புற ஊர்ச் சந்தைகளிலும் புத்தகக் கடை விரிப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று அடாக்ஸிட்டர் என்னும் ஊர்ச் சந்தை. ஒருமுறை தந்தை தம்மோடு அங்கு வந்து உதவுமாறு மகனை அழைத்தார். மகன் மறுத்தார். காரணம் செருக்கே என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். சந்தையில் கடைக்காரன் மகனாக நின்று விற்பதை எவரும் காணலாகாது! தந்தை தனியே சென்றார். 1731இன் இறுதியில் அவர் இறந்துபோனார்.

அதன்பின் ஜான்ஸன் லண்டன் சென்று பல்லாண்டு எழுதிப் பிழைத்தார். நாணம் அவரை விட்டபாடில்லை. அவர் எழுதிய ஸாவேஜ் என்னும் புலவர் வரலாறு 1744இல் வெளியானபோது, பதிப்பாளர் கேவ் வீட்டில் விருந்துண்ட ஒருவர் அந்நூலை மிகப் புகழ்ந்தார். பின்னர் கேவ் அவரிடம், உம் புகழுரை அன்று ஒருவரை மிகவும் மகிழ்வித்தது என்றாராம். ஆடை கந்தலாயிருந்தமையால் வெளிவர மனமின்றி, தட்டி மறைவில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தவர் ஜான்ஸனே! 1755இல் அவருடைய பேரகராதி வெளிவந்தது. அதே ஆண்டு, பட்டமின்றி அனுப்பிய ஆக்ஸ்போர்டு அவருக்கு எம்.ஏ. பட்டம் அளித்தது. நாடெங்கும் பெயர் பரவியது. கால்விரலைக் கண்டு நகைத்தார் முன் இனி அவர் தலை குனிய வேண்டுவதில்லை. இளமையின் இளிவரல் புகழால் ஆறிவிட்டது எனலாம்.

ஆறாதது ஒன்று இருந்தது. அது பிறர் கண்ணுக்குத் தெரியாதது. அவர் சொல்லாவிடின் எவரும் அறிந்திரார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றபின், முதியவரான ஜான்ஸன் ஒரு மழைநாளில் அடாக்ஸிட்டருக்குச் சென்றார். தந்தையின் கடை இருந்த அதே இடத்தில், தலைக்கு மறைப்பின்றி, மழையில் நெடுநேரம் நின்றார். 1784இல், தம் வாழ்வின் இறுதியாண்டில், லிச்பீல்டில் ஓர் இளம் போதகரிடம் இதனைத் தாமே கூறினார். நின்றதனால் பழைய பிழை தீர்ந்திருக்கும் என்று தாம் நம்புவதாகவும் சொன்னார்.

இவ்விரு நாணங்களையும் அருகருகே வைத்து நோக்குக. சந்தைக்குப் போக மறுத்தபோது அவரை ஆண்டது ‘பிறர் என்ன எண்ணுவர்’ என்னும் நாணம். மழையில் நின்றபோது பிறர் எண்ணம் அவருக்கு ஒரு பொருட்டே அன்று. சந்தைக்கு வந்தோர் ‘யார் இப்பித்தர்?’ என்று கேட்டிருக்கவும் கூடும். எந்தக் கண்களுக்கு அஞ்சித் தந்தையைத் தனியே விட்டாரோ, அத்தகைய கண்களுக்கு முன்பே நின்றார். முன்னைய நாணம் தன்னை நோக்கியது; பின்னையது தான் செய்ததை நோக்கியது. லூயிஸ் அம்மையார் இரண்டுக்கும் இருபெயர் இட்டார். தமிழ் இரண்டையும் நாண் என்றே அழைத்தாலும், வள்ளுவர் கருமத்தோடு சேர்த்துப் பேசிய நாண் பின்னையதே என்பது எளிதிற் புலனாகும். ஐம்பது ஆண்டுகள் என்பதையும் மறத்தலாகாது. முதல் நாணம் இரண்டாம் நாணமாக மாறுவதற்கு அத்துணை பெரிய மனிதருக்கே அத்துணைக் காலம் வேண்டியிருந்தது.

அக்காலம் குறைவதற்கு வழியுண்டா? பிறர் கையில் ஓரளவு உண்டு. காந்தியடிகள் 15 வயதில் தமையனாரின் கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். மனம் பொறாமல் குற்றத்தை ஏட்டில் எழுதி, நோய்ப் படுக்கையிலிருந்த தந்தையிடம் நடுக்கத்தோடு நீட்டினார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார்; கண்ணீர் தாளை நனைத்தது; சிறிது கண்மூடியிருந்தார்; தாளைக் கிழித்தார்; மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அத்தாள் உரக்கப் படிக்கப்பட்டிருந்தால், தமையன்மார்முன் விசாரணை நிகழ்ந்திருந்தால், அச்சிறுவன் அன்று கற்றிருக்கக்கூடியது மறைக்கும் கலை ஒன்றே. ஜூன் டாங்னி முதலிய பிற்கால உளநூலார், தம்மையே இழிவாக எண்ணி நாணும் பழக்கமுடையோர் எளிதிற் சினந்து பிறர்மேற் பழி சுமத்துவர் என்றும், செயலை எண்ணி வருந்துவோரே அதனைச் சீர்செய்ய முனைவர் என்றும் காட்டியுள்ளனர். வகுப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவன் விடைத்தாளை எல்லாரும் கேட்கப் படித்துக் காட்டுவதும், கட்டணம் செலுத்தாதார் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் திருத்தும் முறைகள் ஆகா என்பதற்கு அவ்வாராய்ச்சிகளே போதும்.

உதவுதலிலும் இந்நுட்பம் வேண்டப்படுகிறது. பாதரட்சையை வாயிலில் வைத்தவர் நல்லவரே. தம் பெயரையும் மறைத்தார். ஆயினும் காலையில் கதவைத் திறப்பவன் தன் வறுமை ஊரறிந்தது என்பதை முதலிற் கண்டு, பாதரட்சையைப் பின்னர்க் காண்பான் என்பதை அவர் எண்ணவில்லை போலும்.

ஜான்ஸன் அதனை எண்ணக் கற்றிருந்தார். லண்டனில் இரவு நேரத்தில் வீடு திரும்பும்போது, தெருத் திண்ணைகளில் உறங்கிக் கிடக்கும் ஏழைச் சிறுவர் கைகளில், அவர்கள் விழிக்காதவாறு, காலை உணவுக்கான காசுகளை வைத்துச் செல்வது அவர் வழக்கம். பிரான்ஸிஸ் பார்பர் என்னும் இளைஞர் 1752 முதல் அவர் வீட்டில் பணியாளராக இருந்தார். ஜமெய்க்காத் தீவில் அடிமையாகப் பிறந்தவர். ஜான்ஸன் அவரைப் பள்ளிக்கு அனுப்பிக் கற்பித்து, இறுதியில் தம் உடைமையின் பெரும்பகுதியை அவருக்கே எழுதிவைத்தார். அவ்வீட்டில் ஹாட்ஜ் என்னும் பூனை ஒன்று வளர்ந்து வந்தது. அதற்குக் கடற்சிப்பி இறைச்சி வேண்டும். ஒரு விலங்கின் உணவுக்காகக் கடைக்குச் செல்லுமாறு ஏவினால் பார்பர் மனம் புண்படும் என்று கருதி, நாடறிந்த அப்பேரகராதியாசிரியர், பருத்த உடலும் மங்கிய பார்வையுமாக, தாமே தெருவில் இறங்கிக் கடைக்குச் சென்று அதை வாங்கி வருவாராம்.